சென்னை வெயிலில் டெலிவரி ஓட்டுவது எப்படி: ஐந்து கோடை ஓட்டியவள் சொல்கிறேன்

போன வாரம் என் சித்தி மகன் ஊரிலிருந்து வந்து இறங்கினான். கையில் ஒரு பை, பார்சல் லாரியில் போட்டு அனுப்பிய பழைய பைக், தவணையில் வாங்கிய புது போன். வயது 22. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நாளைக்கே ஐடி போட்டுடலாமா?" ஐடி போடுவது, அதாவது டெலிவரி ஆப்பில் கணக்குத் தொடங்குவது, ஒரு மணி நேர வேலை. ஆதார், பான், லைசென்ஸ், வங்கிக் கணக்கு, ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். ஆனால் இது மார்ச் கடைசி. இன்னும் ஐந்து வாரத்தில் கத்திரி வந்துவிடும். அதைத் தாண்டுவது எப்படி என்று எந்த ஆப்பும் சொல்லித் தராது. அவனை உட்கார வைத்து இரண்டு ராத்திரி சொன்னதை, புதிதாக வரும் மற்றத் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நாங்கள் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியது. விடிந்து போய்ப் பார்த்தால் எங்கள் தோப்பில் இருந்த 64 தென்னையில் நின்றது ஏழு. கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம். அதுவரை என்ன செய்வது? வீட்டில் உழைக்கும் வயதில் நான்கு பேர் இருந்தோம். நான் 2019-ல் சென்னைக்கு வந்து துணிக்கடையில் நின்றேன். 2020 ஊரடங்கில் அந்த வேலை போனது. அந்த வருடக் கடைசியில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டெலிவரிக்கு வந்தேன். எங்கள் தெருவிலிருந்து மட்டும் இன்று ஆறு பேர் ஆப் வேலையில் இருக்கிறார்கள். எங்கள் கதை தனிக் கதை இல்லை. இந்தியாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் 15 முதல் 64 வயதுக்குள் இருப்பவர்கள். இப்படி ஆப் மூலமும் தனித்தனி வேலையாகவும் பிழைப்பவர்கள் 2020-21-ல் 77 லட்சம் பேர், 2029-30-ல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்று நிதி ஆயோக் 2022-ல் கணக்குச் சொன்னது. ஊரில் புயலும் வறட்சியும் தள்ளிவிட, நகரத்தில் போன் கூப்பிட, நடுவில் நிற்கிறோம். நகரத்துக்கு வந்தால் இங்கேயும் வெயில்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். ஆப் உங்களுக்கு ஒரு நாள் வருமானத்தைக் காட்டும், வார வருமானத்தைக் காட்டும். எந்த மணி நேரத்தில் எவ்வளவு நின்றது என்பதைப் பெட்ரோல் கழித்துக் காட்டாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். நேரம், ஆர்டர், வந்த பணம், பெட்ரோல், மோர், ஜூஸ் குடித்த செலவு. கடைசியாக, உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை.

என் நோட்டில் ஒரு மே மாத வாரத்தின் சராசரி இது. மதியம் 12 முதல் 3.30 வரை வந்தது 190 ரூபாய். பெட்ரோல் 55, மோர், ஜூஸ் என்று 40. கையில் நின்றது 95. அதே வாரம் இரவு 7 முதல் 10.30 வரை வந்தது 360, பெட்ரோல் 70, நின்றது 290. அதே மூன்றரை மணி நேரம்தான். மதியத்தில் ஆர்டர் குறைவில்லை. ஓட்டல் வாசலில் காத்திருப்பதும், நிழல் தேடி நிற்பதும், சிக்னலில் தலை சுற்றுவதுமாக என் வேகம் பாதியாகிவிட்டது.

"மதிய பீக்கில் லாகின் இல்லாவிட்டால் இன்சென்டிவ் போய்விடுமே" என்பீர்கள். அந்த ஊக்கத்தொகை போகும்தான். அதையும் கணக்குப் போடுங்கள். எனக்கு அந்த மாதம் பதினைந்து நாள் டார்கெட் முடித்ததற்குக் கிடைத்தது 2,250 ரூபாய். அதைத் துரத்தியதில் காய்ச்சலோடு படுத்த நாள் ஆறு. ஒரு நாளுக்கு 700 என்று வைத்தாலும் 4,200 போயிற்று, மருத்துவச் செலவு தனி. மறு வருடத்திலிருந்து ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை என் நேரத்தை மாற்றிக்கொண்டேன். காலை 7 முதல் 12.30 வரை ஓடுவேன். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவேன். மாலை 5 முதல் இரவு 11. இந்த இரண்டு மாதத்துக்கு இன்சென்டிவை மறந்துவிடுவேன். வாடகை நெருக்கும் வாரத்தில் மதியமும் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், 1.30-க்கு மேல் வேண்டாம். தூரமான ஆர்டர் வேண்டாம்.

புதிதாக வந்தவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாளே பன்னிரண்டு மணி நேரம் லாகின் போடாதீர்கள். ஊரில் வயலில் நின்றவன் எனக்கென்ன என்று என் தம்பியும் சொன்னான். வயலில் தார் ரோடு இல்லை, பஸ் இன்ஜின் சூடு முகத்தில் அடிக்காது, ஹெல்மெட் இல்லை.

டிகிரியை மட்டும் பார்க்காதீர்கள்

வேலூரில் 41, சென்னையில் 37 என்று போன் காட்டும். சென்னை பரவாயில்லை என்று நினைத்துவிடுவோம். உடம்பு குளிர்வது வியர்வை காய்வதால். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். வழிகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, தண்ணீரும் உப்பும்தான் வீணாகும். அதனால்தான் இங்கே 36 டிகிரியிலும் ஆள் விழுகிறான். வானிலைத் துறையும் கடலோரத்துக்கு அளவைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சு வரும். கடலோரத்தில் 37 டிகிரி இருந்து, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தாலே போதும்.

சென்னைக்கு இன்னொரு கணக்கு உண்டு, கடல்காற்று. அது மதியத்துக்குள் உள்ளே வந்துவிட்டால் வெயில் ஏறாது. தாமதமானால் அன்று சுட்டுவிடும். பெசன்ட் நகரில் காற்று வந்த பிறகும் போரூரிலும் அம்பத்தூரிலும் அனல் நிற்கும். 12 மணிக்கு நிற்கிற இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். மேற்கிலிருந்து அனலாக அடித்தால் அன்றைக்கு லாகவுட். காலையில் எழுந்ததும் வானிலைத் துறையின் மௌசம் ஆப்பையோ, தமிழக அரசின் டிஎன் அலர்ட் ஆப்பையோ ஒரு தடவை பாருங்கள். ஆர்டர் ஆப்பை அதற்குப் பிறகு திறக்கலாம்.

தண்ணீர், அப்புறம் கழிப்பறை

இந்தப் பகுதியைத் தங்கைகளுக்காக எழுதுகிறேன், தம்பிகளும் படியுங்கள்.

2022 கோடையில் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது, ஒரே கோடையில் இரண்டு தடவை. காரணம் ஒன்றுதான். போக இடமில்லை என்று தண்ணீர் குடிக்கவில்லை. ஓட்டலில் ஆர்டர் எடுக்கப் போகும்போது பாத்ரூம் கேட்டால், "கஸ்டமருக்கு மட்டும்" என்று சொன்ன இடங்கள் உண்டு. அந்த அவமானத்துக்குப் பயந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரை அரை லிட்டர்தான். டாக்டர் திட்டினார். "தண்ணிய குறைச்சா கிட்னிதாம்மா போகும்" என்றார். அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன்.

நீங்கள் ஓட்டும் ஏரியாவில் போகக்கூடிய கழிப்பறைகளை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, போன் மேப்பில் நட்சத்திரம் போட்டு வையுங்கள். பெட்ரோல் பங்கில் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. கேட்கத் தயங்க வேண்டாம். எல்லா பங்கும் சுத்தமாக இருக்காது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நிலையம், மால், அரசு மருத்துவமனை. என் மேப்பில் கோடம்பாக்கத்திலிருந்து கிண்டி வரை பதினொரு நட்சத்திரம் இருக்கிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பதினெட்டுப் பெண்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். டெக்னாலஜி எனக்குச் செய்த நல்லதில் முதலில் இதைத்தான் சொல்வேன்.

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். இரண்டு மூன்று ஆர்டருக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் அளவு குடியுங்கள். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி. டீ நிறத்துக்கு வந்தால் வண்டியை நிறுத்துங்கள். காலையில் பழைய சோறும் மோரும் போல எதுவும் வராது. அதிகமாக வியர்க்கும் நாளில் ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து எடுத்துப் போங்கள். அந்தப் பொட்டலத்தை டம்ளரில் கொட்டிக் குடிக்கக் கூடாது, அளவு முக்கியம். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள். மெடிக்கலில் அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி நானும் வாங்கியிருக்கிறேன். சரியான கலவையில் இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரே போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள்.

உடையில் பெரிய ரகசியம் இல்லை. கம்பெனி டி-ஷர்ட் பாலியெஸ்டர், உள்ளே ஒரு மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள். ஹெல்மெட்டுக்குள் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, கழுத்தை மறைக்கிற நீளத்தில். முழுக்கை.

போனும் வெயிலில் படுக்கும்

ஹேண்டில்பாரில் மாட்டிய போன் மதிய வெயிலில் சூடாகித் திரை மங்கும், பிறகு அணைந்துவிடும். ஆர்டர் கையில் இருக்கும்போது அணைந்தால் தாமதம் உங்கள் பெயரில்தான் ஏறும். வெயிலில் மாட்டியபடி சார்ஜ் போடாதீர்கள், சூடு இன்னும் கூடும், பேட்டரி சீக்கிரம் கெடும். மாட்டியிருப்பதற்கு மேல் சின்ன நிழல்மூடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வழி தெரிந்த தெரு என்றால் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு குரல் வழிகாட்டியைக் கேளுங்கள். பவர் பேங்கை வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் விடாதீர்கள். சூடான போனைக் குளிர்விக்க ஐஸ் பெட்டியில் வைத்த ஒரு தம்பி உண்டு. உள்ளே ஈரம் கோத்து போன் போயே போய்விட்டது. நிழலில் வைத்துக் கவரைக் கழற்றினாலே போதும்.

ஆள் விழுந்தால்

வடபழனியில் ஒரு ஓட்டல் வாசல், இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம், மணி இரண்டரை. அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு தம்பி, பத்தொன்பது வயது இருக்கும், ஆர்டர் நம்பரைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குடித்திருக்கிறான் என்று கேஷியர் நினைத்தார். கையைத் தொட்டுப் பார்த்தேன், அடுப்பில் வைத்த தோசைக்கல் போல. அவனுக்கு என்னைத் தெரியும், ஆனால் யார் என்று தெரியாதவன் போலப் பார்த்தான்.

பேச்சு குழறுவது, குழப்பம், வலிப்பு, மயக்கம், அதோடு உடம்பு கொதிப்பது, இது வெப்ப மயக்கத்தின் மோசமான கட்டம். உடம்பு சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்கலாம், வியர்த்தும் இருக்கலாம். உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்கு இழுத்து, சட்டையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மூன்றிலும் ஈரத்துணியோ ஐஸோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அன்று ஓட்டல்காரரே இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். தம்பி பிழைத்தான். அவன் போனில் "உங்கள் ஆர்டர் தாமதமாகிறது" என்று நோட்டிபிகேஷன் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் நான்தான் அவன் போனில் சப்போர்ட்டுக்குச் செய்தி போட்டு ஆர்டரை மாற்றச் சொன்னேன். இருபது நிமிடம் ஆனது.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, இவை முதல் எச்சரிக்கை மணி. இந்தக் கட்டத்திலேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஆப்பில் ஆஃப்லைன் போய்விடுங்கள். ஆர்டர் கையில் இருந்தால் "உடல்நிலை சரியில்லை" என்று சாட்டில் எழுதி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் ஐடி பிளாக் ஆனால் பேச ஒரு ஆதாரம் இருக்கும்.

மருத்துவமனையில் சேர்த்தால் வெயிலில் வேலை செய்தபோது விழுந்தார் என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வெறும் "காய்ச்சல்" என்று சீட்டில் இருந்தால் அந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்?

மழைக்கு இரண்டு வார்த்தை

மழையில் கூடுதல் பணம் விழும், ஆசை காட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று வேளச்சேரியில் நின்ற தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். மேப்புக்குச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது தெரியாது. தண்ணீர் சைலன்சரைத் தொடுமானால் திரும்பிவிடுங்கள். உள்ளே நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் விடுங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் செலவு ஒரு வார வருமானம். மின்கம்பத்தின் ஓரம் நடக்காதீர்கள். இடி, மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி ஆப் இருக்கிறது. தண்ணீர் தேங்கியதைச் சொல்ல மாநகராட்சி எண் 1913. சிவப்பு எச்சரிக்கை நாளில் வீட்டில் இருங்கள், அவ்வளவுதான்.

காகிதம்

வெயிலில் படுத்த நாளில் சும்மா இருக்காமல் இதைச் செய்யுங்கள். இணையம் சார்ந்த வேலை செய்பவர்களுக்கு என்று தமிழக அரசு 2023-ல் தனி நல வாரியம் அமைத்தது. அதில் பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் ஆதார் எண்ணோடு பதிந்தால் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். இரண்டும் இலவசம், இடையில் யாருக்கும் பணம் தராதீர்கள். வாரியத்தில் பதிந்தவர்களில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சென்னையில் ஓடுகிறவர்களின் எண்ணிக்கைக்கு அது போதவே போதாது என்பது என் கருத்து. ஆனாலும் பதிவு இருப்பவரைத்தான் எந்தத் திட்டமும் தேடி வரும். நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று அரசுக்கு எழுத்தில் தெரிய வேண்டும்.

மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரிலும் தி.நகரிலும் டெலிவரி ஆட்களுக்கென ஏசி ஓய்வறை திறந்தது. உட்கார இடம், கழிப்பறை, போன் சார்ஜ் எல்லாம் உண்டு. அந்தப் பக்கம் ஓடினால் கண்டிப்பாகப் போங்கள். ஆள் வராமல் கிடந்தால் மூடிவிடுவார்கள், ஆள் வந்தால் இன்னும் நான்கு இடத்தில் திறப்பார்கள். உங்கள் ஏரியாவில் வேண்டும் என்று கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். நாங்கள் பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

ஒவ்வொரு வாரமும் வருமானப் பக்கத்தையும் லாகின் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனியாகச் சேமியுங்கள். ஐடி பிளாக் ஆகிவிட்டால் ஆப்புக்குள்ளேயே போக முடியாது, நீங்கள் வேலை செய்ததற்கு உங்களிடமே சான்று இருக்காது. எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. ஒன்பது நாள் கழித்துத் திரும்பக் கிடைத்தது, அதுவும் பழைய படங்களை அனுப்பிய பிறகு.

இதை எழுதும்போது மணி ஒன்று. தம்பி இன்று முதல் நாள் ஓடினான். 12.40-க்கு வந்து வண்டியை வேப்பமரத்தடியில் விட்டான். நோட்டில் ஏழு ஆர்டர், பெட்ரோல் 60 என்று எழுதினான். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். "எப்படி இருக்கு?" என்றேன். "தலை லேசா வலிக்குதுக்கா." அதையே எழுதச் சொல்லிவிட்டு மோர் கரைக்கப் போகிறேன்.